சீமைச் சுண்ணாம்பு சொன்ன வரலாறு: தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்னும் ஆசிரியர்

கற்பித்தலில் இருவகை உண்டு. முடிந்த முடிவுகளை மாணவர் செவியில் இடுவது ஒன்று. அம்முடிவுகளுக்கு மாந்தர் எவ்வழியே வந்து சேர்ந்தனர் என்பதைக் காட்டி, அவ்வழியிலேயே மாணவரையும் நடத்திச் செல்வது மற்றொன்று. முன்னது எளிது, தேர்வுக்கும் உதவும். பின்னது அரிது, ஆயினும் அறிவு என்று சொல்லத்தக்கது அதனாலேயே விளைகிறது. அறிவியற் கல்வியில் இவ்விரண்டாம் வழியைத் தம் வாழ்நாள் முழுதும் மேற்கொண்ட ஒருவரை இக்கட்டுரையில் நாம் நினைவுகூர விழைகின்றோம். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த உயிரியலறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி ஆவார்.

டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக வாதிட்டவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அதுவும் உண்மையே. ஆயினும் நிலத்தின் வரலாற்றையும் உயிரினங்களின் வரலாற்றையும் ஒரு தொடர்கதையாக இணைத்து, அதன்வழி வேதியியல், விலங்கியல், நிலவியல் ஆகிய யாவற்றையும் எளிய மக்களுக்குக் கற்பித்தமையே அவருடைய நிலைத்த பெருமை என்பது நம் கருத்து. கற்பிக்கும் நமக்கும், கற்கும் மாணவர்க்கும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் பெரியோர்க்கும் அவர் வாழ்விலிருந்து பெறத்தக்கன பல உள.

பள்ளி அதிகம் காணாத இளமை

ஹக்ஸ்லி 1825-ஆம் ஆண்டு மே திங்கள் 4-ஆம் நாள் லண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஹக்ஸ்லி அவ்வூர்ப் பள்ளியில் கணக்காசிரியர். பள்ளி நலிவுறவே குடும்பமும் நலிவுற்றது. 1835-இல் அவர்கள் காவென்ட்ரி நகருக்குப் பெயர்ந்தனர். ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தும் ஹக்ஸ்லிக்குக் கிட்டிய பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்.

பள்ளி கைவிட்டாலும் நூல்கள் அவரைக் கைவிடவில்லை. பன்னிரண்டு வயதில், விடியுமுன் எழுந்து மெழுகுதிரி ஏற்றித் தோளில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஜேம்ஸ் ஹட்டனின் நிலவியல் நூலைப் படித்தார் என அவர் வரலாறு கூறுகிறது. இன்றும் நம் கண்முன் நிகழும் மழை, ஆறு, அலை ஆகியவற்றின் செயல்களே அளவிறந்த காலமாக நிலத்தை உருமாற்றி வந்துள்ளன என்பது ஹட்டனின் கொள்கை. இளம் வயதில் ஊன்றிய இவ்விதையே பின்னாளில் ஹக்ஸ்லியின் கற்பிக்கும் முறையாகக் கிளைத்தது எனலாம். ஜெர்மன் மொழியையும் அவர் தாமே முயன்று கற்றார்.

மருத்துவம் பயில விரும்பிய அவர், 1841-இல் லண்டன் துறைமுகப் பகுதியான ராதர்ஹைத்தில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே நோயினும் கொடிதாகப் பசி மக்களை வாட்டியதை நேரிற் கண்டார். உழைக்கும் மக்கள் மீது அவர் கொண்ட பரிவு அந்நாளில் வேர்விட்டது. மறு ஆண்டு உதவித்தொகை பெற்றுச் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் பயின்றார். 1845-இல், மயிர்க்காலின் உறையில் அதுவரை அறியப்படாதிருந்த ஓர் அடுக்கினைக் கண்டறிந்து கட்டுரை வெளியிட்டார். அவ்வடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் பல்கலைக்கழகத்தின் இறுதித் தேர்வை அவர் எழுதவில்லை. எனவே பட்டமும் பெறவில்லை.

கடலே கல்லூரி

கடன் சுமையும் வேலையின்மையும் அவரைக் கடற்படைக்கு அனுப்பின. 1846 டிசம்பரில் ராட்டில்ஸ்நேக் என்னும் கப்பலில் உதவி மருத்துவராகப் புறப்பட்டார். ஆஸ்திரேலியக் கரையையும் நியூகினியின் தென்கடலையும் அளந்து படம் வரைவது அக்கப்பலின் பணி. நான்காண்டுகள் நீடித்த அப்பயணத்தில், வலையில் அகப்பட்டு உடனே கெட்டுப்போகும் ஜெல்லி மீன் போன்ற மெல்லுடல் உயிர்களை ஹக்ஸ்லி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றின் உடல் இரு படலங்களால் ஆனது என்பதையும், உயர்நிலை விலங்குகளின் கருவில் தோன்றும் முதற் படலங்களோடு அவை ஒத்துள்ளன என்பதையும் எடுத்துக் காட்டினார். கடலில் மிதக்கும் எளிய உயிருக்கும் தாயின் கருவில் வளரும் உயிருக்கும் இடையே ஓர் ஒப்புமையைக் கண்ட அப்பார்வை, தனித்தனிச் செய்திகளை இணைத்துக் காணும் அவரது இயல்புக்குச் சான்றாகும்.

தாயகம் திரும்பியபின் 1851-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1852-இல் அதன் பதக்கமும் பெற்றார். ஆனால் புகழ் சோறு போடவில்லை. பல கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துத் தோல்வியே கண்டார். சிட்னி நகரில் தாம் மணம் பேசிய ஹென்றியட்டா ஹீத்தார்னை மணப்பதற்கு எட்டாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1854-இல் லண்டன் ஜெர்மின் தெருவிலிருந்த அரசுச் சுரங்கவியல் கல்லூரியில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு திருமணம் நடந்தது. அப்பதவியே அவர் வாழ்வின் களமாக அமைந்தது.

தொழிலாளர் கூடிய அவை

அக்கல்லூரியில் பணியேற்ற மறு ஆண்டிலிருந்தே ஹக்ஸ்லி தொழிலாளர்க்கென மாலை நேரச் சொற்பொழிவுகளை நிகழ்த்தலானார். பகலெல்லாம் பட்டறையிலும் பணிமனையிலும் உழைத்தவர்கள் சிறு கட்டணம் செலுத்தி வந்து கேட்டனர். கற்றோர்க்கு ஒரு தரம், கல்லாதோர்க்கு ஒரு தரம் என அவர் பிரித்துப் பேசவில்லை. கலைச்சொற்களைக் குறைத்தார், கருத்தைக் குறைக்கவில்லை. கரும்பலகையில் விரைந்து படம் வரைவதில் வல்லவரான அவர், எலும்பையும் கிளிஞ்சலையும் அவையில் காட்டி, சான்றிலிருந்து முடிவுக்குப் படிப்படியாகக் கேட்போரை அழைத்துச் சென்றார்.

1862-இல் உயிரினங்களின் தோற்ற மாற்றங்களைப் பற்றித் தொழிலாளர் முன் ஆறு உரைகள் ஆற்றினார். அவற்றைச் சுருக்கெழுத்தில் எடுத்த ஒருவர் அச்சிட இசைவு கேட்க, அவரும் இசைந்தார். அவை சிறு வெளியீடுகளாக மக்களிடையே பரவின. அப்பணிக்கு இரண்டாண்டுகள் முன்னர்தான் நான்கு வயது நிரம்பாத தம் மூத்த மகன் நோயலைச் செம்புள்ளிக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். அத்துயரை நெஞ்சில் தாங்கியே அவர் மேடையேறினார் என்பதையும் நாம் நினைத்தல் தகும்.

நார்விச் நகரில் நிகழ்ந்த பாடம்

அவருடைய கற்பிக்கும் முறைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு 1868 ஆகஸ்டில் நார்விச் நகரில் கிடைத்தது. பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தையொட்டி, அந்நகர்த் தொழிலாளர்க்கு அவர் ஓர் உரை நிகழ்த்தினார். பொருள், தச்சர் ஒருவர் தம் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு துண்டுச் சீமைச் சுண்ணாம்பு.

கேட்போர் நின்ற நிலத்தின் கீழேயே அவர் தொடங்கினார். நார்விச்சில் கிணறு தோண்டினால் அந்த வெண்ணிறப் பாறைதான் தட்டுப்படும். தென்மேற்கே டார்செட் முதல் வடகிழக்கே யார்க்ஷயர் வரை ஏறத்தாழ 280 மைல் தொலைவுக்கு அது இங்கிலாந்தில் பரவிக் கிடக்கிறது; சில இடங்களில் ஆயிரம் அடிக்கு மேலும் தடிமன் உடையது. அதனைச் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுண்ணாம்பு எஞ்சும். இது வேதியியல்.

அதனையே மிக மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், அறைகள் பல கொண்ட நுண்ணிய ஓடுகள் எண்ணற்றவை தெரியும். குளோபிஜெரினா என்னும் நுண்ணுயிரின் ஓடுகள் அவற்றுள் மிகுதி. இவை எங்கிருந்து வந்தன? ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தந்திக் கம்பியால் இணைக்கும் முயற்சிக்காக, 1857-இல் சைக்ளாப்ஸ் என்னும் கப்பல் அட்லாண்டிக் கடலின் ஆழத்தை அளந்தது. பத்தாயிரம் அடிக்கும் கீழிருந்து அது எடுத்துவந்த சேறு ஆய்வுக்காக ஹக்ஸ்லியின் மேசைக்கு வந்தது. உலர்ந்தால் வெண்மையாகும் அச்சேற்றிலும் அதே குளோபிஜெரினா ஓடுகளே நிறைந்திருந்தன. ஆகவே தச்சரின் பையிலுள்ள வெள்ளைத் துண்டு ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடித்தளமாக இருந்தது என்பது பெறப்பட்டது. இது விலங்கியல்.

அக்கடல் எவ்வளவு காலம் நிலைத்தது? இங்குத்தான் ஹக்ஸ்லியின் திறம் வெளிப்பட்டது. சீமைச் சுண்ணாம்பில் புதைந்த கடல்முள்ளெலிகளின் ஓடுகள் சிலவற்றின்மேல், வேறோர் உயிரின் ஓடு ஒட்டி வளர்ந்திருப்பதை அவர் சுட்டினார். கடல்முள்ளெலி வாழ்ந்து, மடிந்து, முட்கள் உதிர்ந்து, வெற்றோடாகக் கிடந்தபின்தான் பிறிதோர் உயிர் அதன்மேல் குடியேறி வளர்ந்திருக்க இயலும். அதன் பின்னரே இரண்டையும் சேறு மூடியிருக்கிறது. ஓர் ஓட்டினை மூடவே இத்தனை காலம் எனில், ஆயிரம் அடி படிய எத்துணைக் காலம் வேண்டும் எனக் கேட்போரே உய்த்துணரும்படி விட்டார்.

பின்னர் அருகிலுள்ள க்ரோமர் கடற்கரைக்கு அவர்களை மனத்தால் அழைத்துச் சென்றார். அங்கே சீமைச் சுண்ணாம்பின்மேல் வேரூன்றிய மரங்களின் அடிக்கட்டைகள் உள்ளன. யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் அவ்வடுக்கில் கிடைக்கின்றன. அதற்கும் மேலே பனிக்காலத்துக் களிமண் படிந்துள்ளது. கடல் நிலமாகி, நிலம் காடாகி, காடு மீண்டும் மூழ்கி, மறுபடியும் நிலமானது என்னும் வரலாறு ஒரே செங்குத்துப் பாறையில் எழுதப்பட்டிருந்தது. இது நிலவியல். ஒரே ஒரு துண்டுச் சுண்ணாம்பு இத்துறைகள் அனைத்தையும் ஒரு நூலில் கோத்துவிட்டது.

பாறைகளின் வயதை ஆண்டுக் கணக்கில் கூறும் வழி அந்நாளில் இல்லை. கதிரியக்கத்தைக் கொண்டு கணக்கிடும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று. அச்சீமைச் சுண்ணாம்பு ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தது என்றும், அதில் பெரும்பகுதி குளோபிஜெரினாவினும் மிகச்சிறிய பாசிகளின் தகடுகளால் ஆனது என்றும் இன்று அறிகின்றோம். விவரங்கள் கூடின, ஆனால் ஹக்ஸ்லி வகுத்த காரண காரியத் தொடர் குலையவில்லை.

நிறைகோல் போன்ற நெஞ்சம்

நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் மலரோடும் ஒப்பிடும் நன்னூல், நிறைகோலோடும் ஒப்பிடுகிறது. எப்பக்கமும் சாயாது உள்ளது உள்ளவாறு காட்டுதல் அதன் இயல்பு. ஹக்ஸ்லி அவ்வுவமைக்கு உரியவரா என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டும்.

நார்விச் உரை நிகழ்ந்த அதே 1868-இல், ஆல்கஹாலில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டிருந்த அட்லாண்டிக் சேற்றை அவர் மீண்டும் ஆராய்ந்தார். அதில் கூழ் போன்ற ஒரு பொருளைக் கண்டு, அதனை மிக எளிய உயிர் எனக் கருதிப் பாத்திபியஸ் எனப் பெயரிட்டார். உயிரின் மூல வடிவமே கிட்டிவிட்டது எனச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் 1872-இல் புறப்பட்டு உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பலின் அறிஞர்கள், புதிதாக எடுத்த சேற்றில் அப்பொருளைக் காணவில்லை. கடல்நீரோடு ஆல்கஹால் சேரும்போது வீழ்படிவாகும் கால்சியம் சல்பேட்டே அது எனக் கப்பலின் வேதியியலார் ஜான் புக்கானன் கண்டறிந்தார். செய்தி எட்டியதும், 1875-இல் ஹக்ஸ்லி தம் கருத்து பிழையாகலாம் என்பதை அச்சிலேயே வெளியிட்டு, அதற்கான பொறுப்பையும் தாமே ஏற்றார்.

மற்றொன்று 1876-இல் அமெரிக்கப் பயணத்தின்போது நிகழ்ந்தது. குதிரையினத்தின் வளர்ச்சியை ஐரோப்பியப் புதைபடிவங்களைக் கொண்டு விளக்கி வந்தவர் அவர். யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்ஷ் திரட்டியிருந்த படிவங்களைக் கண்டார். பல விரல்கள் கொண்ட சிறு விலங்கிலிருந்து ஒற்றைக் குளம்புடைய இன்றைய குதிரை வரையில் தொடர் அங்கே முழுமையாக இருந்தது. நியூயார்க் நகரில் ஆற்றவிருந்த உரையை உடனே மாற்றியமைத்து, குதிரையினத்தின் முதன்மைத் தாயகம் அமெரிக்காவே என அவையில் அறிவித்தார். உலகப் புகழ் பெற்ற ஐம்பத்தொரு வயது அறிஞர், சான்றின் முன் மாணவராகி நின்றார்.

ஆசிரியர்க்கு ஆசிரியர்

1870-இல் லண்டன் பள்ளிக் கல்வி வாரியத்துக்கு ஹக்ஸ்லி தேர்ந்தெடுக்கப்பட்டார். உடல்நலம் குன்றி 1872-இல் விலகும் வரையில், தொடக்கப் பள்ளிகளில் அறிவியலும் ஓவியமும் இசையும் உடற்பயிற்சியும் இடம்பெற அவர் உழைத்தார். நல்ல ஆசிரியர் இன்றி நல்ல பாடத்திட்டம் பயன்படாது என்பதை அறிந்தவராதலின், 1871-இல் தென் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்க்கென ஒரு கோடைகால வகுப்பை நடத்தினார். காலையில் விரிவுரை, பின்னர் ஆய்வுக்கூடத்தில் அவரவர் கையாலேயே அறுத்துப் பார்த்தலும் நுண்ணோக்கியில் காண்டலும். கையால் தொட்டறியாத ஒன்றைப் பிறர்க்குக் கற்பித்தல் கூடாது என்பது அவர் கொள்கை.

அவ்வகுப்பிலிருந்து உருவான செய்முறை நூல் 1875-இல் மாணவர் மார்ட்டினுடன் இணைந்து எழுதப்பட்டது. உயிர் வரலாற்றின் ஏணிப்படி முறையில், எளிய ஈஸ்ட்டிலிருந்து தொடங்கி உயர்ந்த விலங்குக்கு அது ஏறியது. பல்லாண்டு அனுபவத்துக்குப் பின் 1888-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, அவர் இசைவுடன் வரிசை தலைகீழாக்கப்பட்டுத் தவளை முதலில் வந்தது. இயற்கையின் வரிசை வேறு, கற்பவரின் வரிசை வேறு. தெரிந்ததிலிருந்தே தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பதை வகுப்பறை அவருக்கே கற்பித்தது.

1877-இல் வெளிவந்த பிசியோகிராபி என்னும் அவரது பாடநூலும் இவ்வகையதே. லண்டன் பாலத்தின்மேல் நின்று தேம்ஸ் ஆற்றைப் பார்ப்பதில் அது தொடங்குகிறது. ஆற்றுநீரின் ஊற்று, மழை, பனி, கடல், எரிமலை, உயிர்களால் உருவான நிலம் எனப் பிள்ளையை வழிநடத்தி, இறுதி இயலில் சூரியனிடம் கொண்டு சேர்க்கிறது. தன் ஊர் ஆற்றை அறிந்த பிள்ளை, அவ்வாற்றின் வழியே அண்டத்தையும் அறிகிறது.

உடன்படலும் மாறுபடலும்

ஹக்ஸ்லியின் கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸுடன் அவர் மோதியது பெரிதும் பேசப்படுகிறது. கடவுள் பற்றி உறுதியாக அறிய இயலாது என்னும் நிலைக்கு 1869-இல் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரும் அவரே. இறைநம்பிக்கை உடைய நாம் இங்கே அவரோடு வேறுபடுகின்றோம். மக்களினங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள்ளும் இன்று ஏற்கத்தகாதன உள. ஆயினும் அதே ஹக்ஸ்லி, பள்ளிப் பிள்ளைகள் விவிலியம் படிப்பதை அதன் அறநெறிக்காகவும் மொழிநடைக்காகவும் கல்வி வாரியத்தில் ஆதரித்தார் என்பதும் வரலாறே. மாறுபடுவோரிடமிருந்தும் நல்லன கொள்ளுதல் கற்றோர் கடன். சான்று கேட்கும் உரிமை பேராசிரியருக்கும் தச்சருக்கும் ஒன்றே என்னும் அவரது நெறியை ஏற்பதற்கு எந்த நம்பிக்கையும் தடையாகாது.

விட்டுச்சென்ற விளக்கு

1883 முதல் 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்து, பின் உடல் நலிவால் பணிகளிலிருந்து ஓய்வுபெற்ற ஹக்ஸ்லி, 1895 ஜூன் 29 அன்று ஈஸ்ட்போர்ன் நகரில் மறைந்தார். அவரிடம் ஓராண்டு உயிரியல் பயின்ற எளிய குடும்பத்து இளைஞர் ஒருவர் பின்னாளில் எச். ஜி. வெல்ஸ் என உலகறிந்த எழுத்தாளரானார். வெல்ஸ் எழுதிய உலக வரலாறு மன்னர்களிடம் தொடங்காமல், பூமியின் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறது. ஆசிரியரின் வழி மாணவரிடம் தொடர்ந்தமைக்கு இது போதிய சான்று.

நம் வகுப்பறைக்கு வருவோம். இன்று கரும்பலகையில் எழுதும் துண்டு பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுவது. ஹக்ஸ்லியின் சீமைச் சுண்ணாம்பு அன்று. ஆகவே அவர் உரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அவர் வழியைப் பின்பற்றுவதாகாது. அவர் நார்விச்சில் செய்ததை நாம் நம் ஊரில் செய்யவேண்டும். அதற்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வெண்பாறை கடலடியில் படிந்த அதே கிரெட்டேசியக் காலத்தில், நம் அரியலூர்ப் பகுதியும் கடலால் மூடப்பட்டிருந்தது. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்கல்லே சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களிலும் ஏறுகிறது. சிமெண்டுச் சுவரிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து உயிரின் நெடுங்கதைக்கும் ஒரு மாணவரை அழைத்துச் செல்ல ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் போதும்.

இரண்டே ஆண்டுகள் பள்ளி சென்ற ஒருவர், பள்ளியே காணாத தொழிலாளர்க்கு உலகின் வரலாற்றை முழுமையாக எடுத்துரைத்தார். இவர்களுக்கு இவ்வளவு போதும் என அவர் கருதவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலில் நுழையும் நம் மாணவர்க்கும் குறைத்து அளக்காமல் கொடுப்பதே ஆசிரியராகிய நம் கடமை. ஏன், எப்படி, என்ன சான்று என்று தயங்காமல் கேட்டுப் பெறுவது மாணவர் கடமை. அவ்வாறு கேட்கும் பிள்ளைகளை அடக்காமல் ஊக்குவது பெரியோர் கடமை. இம்மூன்றும் கூடுமிடத்தில் அறிவு வளரும்.